ஞாயிற்றுக்கிழமை வெட்டுக் கூட்டம்

முதல் கடிதம்

மூன்றாம் மாடி,
திங்கட்கிழமை காலை.

என் அருமை மருமகளுக்கு,

முப்பத்தோரு ஆண்டுகள் ஊரையே மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிய லிஃப்ட் மெக்கானிக்கும், நான்கு ஆண்டுகளாக ஒரே மாடியில் நின்றுபோனவனும், இந்த வீட்டு சோபாவின் ஏகபோகச் சக்கரவர்த்தியுமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். என் வலது முழங்கால் மட்டும் தனி நாடாகப் பிரிந்துபோக அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது. நீ படித்து முடித்து எனக்கொரு புது முழங்கால் செய்து தரும்வரை அதோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருப்பேன்.

உன் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் 'மாமாவுக்கு மட்டும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு வேறு போட்டுவிட்டாயா, தபால்காரர் அதை நீட்டும்போதே 'என்ன சார், இந்த வயசுலயா?' என்று கண்ணடித்தார். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். உன் அம்மா வெளியிலிருந்து, 'பத்து நிமிஷமா குழாய்ச் சத்தமே கேக்கலையே, உள்ள என்னண்ணா பண்றீங்க?' என்றாள். தண்ணீரைச் சேமிக்கிறேன் என்றேன். உன் அம்மாவால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத பதில் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். விடுதிக் கட்டணம் ஏறிவிட்டது. ஓராண்டுக்கானதை மொத்தமாக மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஓவர்டைம் நின்றுபோன நேரத்தில் இதை எந்த முகத்தோடு கேட்பது என்று யோசித்து, செயற்கைக் கை கால் செய்யும் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து வீட்டுக்குப் பணம் அனுப்பப் போகிறாய். விலகல் படிவம் வாங்கியாகிவிட்டது, கையெழுத்துத்தான் பாக்கி. இதை அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இவ்வளவுதானே?

மருமகளே, நான் இதுவரை சொன்ன பொய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விமானங்கள் வழிமாறிப் போக வேண்டியிருக்கும். ஆனால் இந்த ஒரு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. கட்டண நோட்டீஸ் இங்கேயும் ஒரு பிரதி வந்தது. உன் அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றி உன்னிடம் மூச்சு விடவில்லை, நீ கவலைப்படுவாயாம். தொகையில் பாதிக்கு வழி செய்துவிட்டார்கள். மீதிப் பாதிக்குத்தான் ஆளுக்கொரு பக்கமாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் நான் போய் 'உங்க பொண்ணு படிப்பை விடறாளாம்' என்று சொன்னால் மேற்கூரை இறங்கி நேராகத் தரைத்தளத்துக்கு வந்துவிடும்.

அதனால் ஒரு விண்ணப்பம். மாதக் கடைசிவரை அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. போனில் இதைப் பேசவும் பேசாதே. நம் வீட்டு போனில் 'ஹலோ' என்றால் கீழே மளிகைக் கடைக்காரர் 'ம், சொல்லுங்க' என்கிறார்.

நீ போன பிறகு இங்கே சிக்கனம் எந்த உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது என்பது உனக்குத் தெரியாது. பயந்துவிடாதே, பெருமைப்படு. பற்பசைக் குழாய் தீர்ந்ததும் குப்பைக்குப் போவதில்லை. உன் அம்மா கத்தரிக்கோலால் அதை நெடுக்காகப் பிளந்து பிரேதப் பரிசோதனை செய்கிறாள். அதற்குள்ளிருந்து ஒரு குடும்பம் பத்து நாள் பல் துலக்குகிறது. தேய்ந்த சோப்புத் துண்டுகளையெல்லாம் ஒட்டி ஒட்டி ஒரே சோப்பாக்கியிருக்கிறாள். ஏழு நிறம், ஏழு வாசனை. குளித்துவிட்டு வெளியே வந்தால் நான் எந்தத் தோட்டம் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. குக்கர் ஒரு விசில் அடித்ததும் அடுப்பை அணைத்து, பழைய கம்பளியால் அதைச் சுற்றி மூலையில் வைத்துவிடுகிறாள். பருப்பு அந்தச் சூட்டிலேயே வெந்துவிடுகிறது. இந்த வீட்டில் குளிர் காலத்தில் கம்பளி போர்த்தித் தூங்கும் ஒரே பிறவி குக்கர்தான்.

உன் அப்பாவின் சட்டைக்குக் காலரும் முன்பக்கமும் மட்டும் இஸ்திரி. முதுகுப் பக்கம் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் மேலங்கிக்குள் மறைந்துவிடுகிறதல்லவா, அதற்கு எதற்குக் கரண்ட் என்கிறார். பஸ்ஸில் கட்டணம் மாறும் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி, மீதி இரண்டு நிறுத்தமும் நடை. நடந்து நடந்து இளைத்து பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். ஓட்டை நான்தான் போட்டேன், ஆணியும் சுத்தியலும் வைத்து. கூலி வாங்கவில்லை.

உன் தங்கையை இப்போது யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வக்கீலம்மாதான். பன்னிரண்டு வயதில் உச்ச நீதிமன்றத்தையே நடுங்க வைக்கும் வாய். ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் என்ன எடுக்கப் போகிறோம், எத்தனை நொடியில் மூடுவோம் என்று அவளிடம் அறிவித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். நேற்று நான் வெறுமனே திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'மாமா, உள்ள என்ன டிவியா ஓடுது?' என்றாள்.

இவை எல்லாவற்றுக்கும் மூலகாரணம் வெட்டுக் கூட்டம். நீ போன பிறகு வந்த வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு, துணிகளை ஊறவைத்துவிட்டு எல்லோரும் சாப்பாட்டு மேசையில் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் தன் செலவில் ஒன்றை வெட்ட வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அவரவருடையதை அவரவர் வெட்டலாம், அடுத்தவருடையதைத் தொடக்கூடாது. வக்கீலம்மா கணக்கு வீட்டுப்பாடத்தை வெட்ட முன்வந்தாள், தாள் மிச்சமாகுமாம். ஏகமனதாக நிராகரித்தோம். உன் அப்பா கம்பெனி கேன்டீன் டீயை வெட்டினார். உன் அம்மா தலைக்குச் சாயம் பூசுவதை வெட்டினாள். காதோரம் இரண்டு பக்கமும் வெள்ளி மின்னுகிறது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்களாம். அதுவும் லாபம்தான் என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

நான் என் மாலைக் காபியை வெட்டினேன். மூன்று நாள் ஒரு மாவீரனைப் போல அந்த மாலைகளைக் கடந்தேன். சோபாவே என்னைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. நான்காம் நாள் மாலை என் முன்னால் ஒரு காபி வந்து நின்றது. 'கை தவறி தண்ணி கூட ஊத்திட்டேண்ணா, கீழ கொட்டவா முடியும், குடிச்சிடுங்க' என்றாள் உன் அம்மா. அன்றிலிருந்து பதினோரு மாதமாக, ஒரு நாள் விடாமல், சரியாக ஒரு டம்ளர் அளவுக்கு அவளுக்குக் கை தவறிக்கொண்டேயிருக்கிறது.

இதை நினைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் தங்கிப் போக வந்தவன் நான். அந்த இரண்டு வாரம் நான்கு வருஷமாக நீண்டுகொண்டிருக்கிறது. என் பென்ஷனோ மருந்துக் கடைவரை நடந்துபோய் அங்கேயே மயங்கி விழுந்துவிடும். ஆக, இந்த வீட்டில் அதிகம் தின்பது எது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஃப்ரிட்ஜ் இல்லை. இஸ்திரிப் பெட்டி இல்லை. அதன் பெயரை எழுதமாட்டேன், ஆனால் அது கடிதம் நன்றாக எழுதும்.

வரும் ஞாயிறு வெட்டுக் கூட்டத்தில் சரித்திரம் காணாத ஒரு வெட்டு விழப்போகிறது. மீதிப் பாதிக்கு வழி பிறந்துவிடும். நீ கவலையை விட்டுப் படி. மதியச் சாப்பாட்டைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. முன்பெல்லாம் அதைத் திட்டியே அரைப் பக்கம் எழுதுவாய். அது என்ன என்று அடுத்த கடிதத்தில் தெளிவுபடுத்தவும்.

நீ நீண்ட நாள், நிறைந்த வயிற்றோடு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமா.

பி.கு. மறுபடி கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து வேண்டாம்.

*

இரண்டாம் கடிதம்

அதே மூன்றாம் மாடி, அதே சோபா,
சனிக்கிழமை.

என் தங்க மருமகளுக்கு,

சகல உறுப்புகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, உயிரோடும் உற்சாகத்தோடும் உன் மாமா எழுதுவது. இப்படித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு, பதறாமல் படி.

உன் பதில் நேற்று கிடைத்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருந்தாய், வயிற்றில் பால் வார்த்தாய். 'அந்தப் பெரிய செலவு எதுன்னு எனக்குத் தெரியும், போயிடாதீங்க மாமா' என்றும் எழுதியிருந்தாய். மருமகளே, உன் கடிதம் வந்து சேர்வதற்குள் நான் போய்த் திரும்பியும் வந்துவிட்டேன். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். வழக்கமாக நான் ஒன்றைப் பத்தாக்குவேன். இதில் பத்தை ஒன்றாகக் குறைத்தாலும் நம்பமாட்டாய், அதனால் உள்ளபடியே எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு கூட்டம் கூடியது. வக்கீலம்மா புது பென்சிலை வெட்டினாள். துண்டுப் பென்சிலைப் பழைய பேனா மூடிக்குள் செருகி எழுதுவாளாம். உன் அம்மா ஜாக்கெட், பாவாடை, கால்சட்டை என்று ஆல்ட்டர் செய்யும் துணிகளுக்குப் புது நூல்கண்டு வாங்குவதை வெட்டி, மிச்ச நூல்களை முடிச்சுப் போட்டுக்கொள்வேன் என்றாள். உன் அப்பா வெட்ட ஒன்றும் கிடைக்காமல் நெடுநேரம் தன் கைகளையே பார்த்துவிட்டு, முடிவெட்டிக்கொள்வதை வெட்டுகிறேன் என்றார். பிறகு நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, 'என் வெட்டு நான்தான்' என்றேன்.

உன் அப்பா சிரித்துவிட்டார். நான் வழக்கம்போல ஏதோ கதை அளக்கிறேன் என்று நினைத்தார். நகருக்கு வெளியே ஒரு டைல்ஸ் கிடங்கில் வாயில் காவல் வேலை கிடைத்திருக்கிறது, பகல் வேலை, தங்க அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, நாளைக்கே சேர வேண்டும் என்று நான் சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. 'மச்சான், விளையாடாதீங்க' என்றார். உன் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

வக்கீலம்மாதான் வாதாட வந்தாள். 'மாமா, சட்டப்படி அவங்கவங்களோடதைத்தான் வெட்டலாம்' என்றாள். நானும் சட்டப்படிதான் வெட்டுகிறேன், நான் என்னுடையவன் என்றேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. உன் அம்மா வெளியே வராமலே சொன்னாள்: 'அவர் அவரோடதுன்னு யார் சொன்னது? அவர் என்னோடது. நான் கை தூக்கலை.'

அதோடு அடங்கியிருக்க வேண்டியவன்தான். நானோ லிஃப்ட் கம்பியைவிட முறுக்கானவன். மறுநாள் காலை, அவள் தையல் துணி வாங்கப் போன நேரம் பார்த்து, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேசைமேல் ஒரு சீட்டு எழுதி வைத்தேன். சீட்டில் மிகப் பிரமாதமான வசனங்கள் இருந்தன. அவை எல்லாவற்றையும் பற்றி இப்போது வெட்கப்படுகிறேன்.

கிடங்கு பெரிது. உள்ளே நடந்து மறுமுனைக்குப் போவதற்குள் இரண்டு பருவம் மாறிவிடும். எனக்கு ஒரு நாற்காலி, ஒரு விசில், லாரி எண் எழுத ஒரு நோட்டு. அறையில் ஒரு கட்டில், ஒரு பல்பு. பல்பை யார் அணைத்தார்கள், யார் அணைக்கவில்லை என்று கேட்க ஆளில்லை. இரண்டு நாள் அதை எரியவிட்டே பார்த்தேன், பழிவாங்குவது போல. ஒரு சுகமும் இல்லை. மூன்றாம் நாள் விடியும் முன் நானே எழுந்து போய் அணைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீ திட்டினாலும் பரவாயில்லை. இரண்டு மாதமாக ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அட்டை இரண்டு அட்டையாகிவிடும் அல்லவா? வெட்டுக் கூட்டத்தில் சொல்லாமல் நான் ரகசியமாகச் செய்த ஒரே வெட்டு அது. மூளைக்குள் இருக்கும் சிக்கன நிபுணர் அதைப் பாராட்டி எனக்குப் பதக்கமே குத்தியிருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு லாரிக்குக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். கிடங்கு முழுவதும் ஒரு லிஃப்ட்டைப் போலச் சரசரவென்று கீழே இறங்கியது. நான் மட்டும் மேலேயே நின்றேன். பிறகு நானும் இறங்கினேன். நல்லவேளையாக விழுந்தது டைல்ஸ் அடுக்கின்மேல் இல்லை, காலி அட்டைப்பெட்டிகள்மேல். கண் விழித்துப் பார்த்தால் மூக்குக்கு நேராக உன் அப்பா கம்பெனியின் முத்திரை. மச்சான் என்னைத் தாங்கிப் பிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கிடங்கு மேலாளர் நல்ல மனிதர். என் பையில் இருந்த எண்ணைப் பார்த்து வீட்டுக்கு போன் செய்துவிட்டார். அரை மணி நேரத்தில் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. மருமகளே, டாக்ஸி! வெண்டைக்காயில் ஒரு காசு குறைக்க அங்காடி மூடும் நேரம்வரை காத்திருந்து வாங்குகிறவள், இரண்டு சாக்கு மூட்டைத் துணியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவள், உன் அம்மா, டாக்ஸியிலிருந்து இறங்கினாள். விரலில் தையல் விரலுறை அப்படியே இருந்தது. கழற்றக்கூட நேரமில்லை போலிருக்கிறது.

என்னை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் திட்டினாள். அவள் என்னைவிட ஏழு வயது சின்னவள், எனக்கு நினைவு தெரிந்து 'நீங்க' தவிர வேறு சொன்னதில்லை. அன்றைக்கு 'நீ' என்றாள். 'நீ யாரைக் கேட்டுப் போனே? நீ இல்லாம ரெண்டு நாளா காபி போட்டு நானே குடிச்சிட்டு இருக்கேன், கசக்குது' என்றாள். சிக்னலில் பத்து நிமிஷம் நின்றோம். மீட்டர் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. டிரைவரே மனசு கேட்காமல், 'அம்மா, குறுக்கு வழியா போகட்டுமா, கொஞ்சம் மிச்சமாகும்' என்றார். 'சீக்கிரம் போற வழியா போப்பா' என்றாள்.

கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர். மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னது யார் என்று கேட்டார். எங்கள் வீட்டில் வெட்டுவது ஒரு கலை என்று விளக்க ஆரம்பித்தேன். உன் அம்மா ஒரு பார்வை பார்த்தாள். கலையைப் பற்றி அதற்குமேல் நான் பேசவில்லை. அன்றைய டாக்ஸிக்கும் டாக்டருக்கும் ஆனது, நான் இரண்டு மாதம் உடைத்து உடைத்து மிச்சம் பிடித்ததைப் போல இருபது மடங்கு. சிக்கனத்தின் வரலாற்றில் இப்படியொரு வீரதீரச் செயலை யாரும் செய்ததில்லை.

இப்போது நீ உட்கார்ந்துகொள். ஊசி போடுவதற்காக என் சட்டையைக் கழற்றியபோது மேல்பையிலிருந்து உன் கடிதம் கீழே விழுந்தது. 'மாமாவுக்கு மட்டும்', இரண்டு கோடு. உன் அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். தடுக்கலாமென்றால் என் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்தையும் படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீடு திரும்பும்போது பாதி வழியில்தான் பேசினாள்: 'ரெண்டும் ஒரே புத்தி. வீட்டுக்கு மிச்சம் பண்றேன்னு வீட்டையே விட்டுட்டுப் போறதுங்க.'

அழுதாளா என்று கேட்பாய். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், எனக்குத் தெரியாது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். அடுத்த மாத முதல் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. உன் அப்பா வேலையிலிருந்து நேராக மேசைக்கு வந்தார். உன் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'நம்மகிட்ட கேக்கவே இல்லையே அவ' என்றார். பிறகு, கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்று சரியாகப் பார்க்க அந்த நோட்டீஸைத் தேடினோம். காணோம்.

நம் வீட்டில் தாள்களுக்கு என்ன கதி என்று உனக்குத் தெரியுமே. எந்தத் தாள் வந்தாலும் முன்பக்கம் என்ன என்று ஒரு பார்வை, உடனே திருப்பிப் பின்பக்கம் காலியா என்று ஒரு பார்வை. காலியாக இருந்தால் நான்காக வெட்டி, தைத்து, நோட்டாக்கிவிடுவோம். பின்பக்கமும் அச்சாகியிருந்தால் 'இது எதுக்கும் ஆகாது' என்று பழைய பேப்பர் கட்டுக்குள் போய்விடும். அப்படித்தான் உன் கல்லூரி நோட்டீஸும் போயிருக்கிறது. முன்பக்கத்தில் தொகையைப் பார்த்தார்கள், திருப்பினார்கள், பொடி எழுத்தாக ஏதோ நிறைய அச்சாகியிருந்தது, கட்டுக்குள் போட்டுவிட்டார்கள்.

வக்கீலம்மா சமையலறைத் தொட்டியடியில் இருந்த பேப்பர் கட்டைப் பிரித்து அதைக் கண்டுபிடித்தாள். அவளுக்குப் பொடி எழுத்து என்றால் அல்வா மாதிரி. பின்பக்கத்தை உரக்கப் படித்தாள். பெற்றோர் எழுதிக் கேட்டுக்கொண்டால் கட்டணத்தைப் பத்து மாதத் தவணையாகக் கட்டலாமாம். விண்ணப்பம் இருபத்தைந்தாம் தேதிக்குள் அலுவலகத்துக்கு வந்துசேர வேண்டுமாம்.

உன் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். புரையேறும்வரை சிரித்தார். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். தாளின் பின்பக்கத்தை இவ்வளவு மதிக்கிற ஒரு குடும்பம் இந்தப் பூமியில் வேறு கிடையாது, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மட்டும் நமக்குத் தோன்றவில்லை. உன்னிடம் இருக்கும் பிரதியையும் எடுத்துப் பார். நீயும் திருப்பிப் பார்த்து, குறிப்பெழுத இடமில்லையே என்று பெருமூச்சு விட்டுத்தானே அதை ஓரமாக வைத்தாய்? எனக்குச் சந்தேகமே இல்லை. நீ இந்த வீட்டுப் பிள்ளை.

தவணை என்றால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் பெரிதுபடுத்தமாட்டேன். மாதாமாதம் மூச்சு முட்டும். முட்டட்டும். ஏற்கெனவே சேர்த்த பாதி கையில் இருக்கிறது. பள்ளிச் சீருடைகளுக்கு விளிம்பு மடித்துத் தைக்கும் வேலைக்கு உன் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறாள். பித்தான் தைக்கும் பிரிவுக்கு நான் தலைவராக நியமிக்கப்பட்டிருக்கிறேன். முதல் நாளே ஒரு சட்டையைப் பித்தானோடு சேர்த்து என் லுங்கியில் தைத்துவிட்டேன். வக்கீலம்மா பிரித்து எடுத்தாள். இரண்டாம் நாள் நாற்பது பித்தான், ஒன்றுகூடத் தவறவில்லை. இது சத்தியமான கணக்கு.

கூட்டத்தின் தீர்ப்புகள் இவை. காலை உணவுக்குப் பிறகு நான் முழு மாத்திரையை உன் அம்மா எதிரில் விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். உன் வெட்டு செல்லாது. நீ உன்னுடையது இல்லை என்று வக்கீலம்மா வாதாடி, எதிர்ப்பின்றி ஜெயித்துவிட்டாள். உன் மதியச் சாப்பாட்டைப் பற்றி நீ அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் எழுதவில்லை என்று நான் குறிப்பிட்டேன். மறுநாள் காலை உன் அம்மா தபால் அலுவலகத்துக்குப் போய் உனக்கென்று தனியாக ஒரு சிறு தொகை அனுப்பிவிட்டு வந்தாள். எதை வெட்டி அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. சாப்பிடு.

மருமகளே, நான் எதையும் ஏழு மாடி உயரத்துக்கு ஏற்றிச் சொல்கிறவன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த டாக்ஸியில், கிடங்கு வாசலிலிருந்து கிளினிக் வாசல்வரை, திட்டிக்கொண்டே உன் அம்மா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இதை எப்படிப் பெரிதாக்குவது என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வீடு இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இனி அப்படிச் சொல்லமாட்டேன்.

இத்துடன் உன் அப்பா கையெழுத்திட்ட தவணை விண்ணப்பம் இருக்கிறது. மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டு நான்காவதாக எழுதியது, மசி படாமல் பிடி. இருபத்தைந்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. அந்த இன்னொரு படிவத்தின் பின்பக்கம் காலியாக இருக்குமென்றால் அதிலேயே எங்களுக்குப் பதில் எழுது. அம்மா தன் கையாலேயே பிரித்துப் படிக்கக் காத்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் என்று தனியாக எதுவும் எழுத வேண்டாம், எல்லோருக்குமாக எழுது.

முதலில் சாப்பிட்டுவிட்டுப் போ. நீ நன்றாக இருக்க வேண்டும், மருமகளே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனி எங்கேயும் போகாத
உன் மாமா.